நர்ஸ் லைசென்ஸ் மாநிலம் தாண்டிய கதை

தாம்பரம், குரோம்பேட்டை, மேடவாக்கம், கூடுவாஞ்சேரி வட்டாரத்தில் மருத்துவமனைகளும் நர்சிங் கல்லூரிகளும் பெருகப் பெருக, அவற்றை ஒட்டி இன்னொரு தொழிலும் வளர்ந்தது. அது வெளிநாடு போகும் செவிலியருக்கான கோச்சிங். ஐஇஎல்டிஎஸ், ஓஇடி என்ற ஆங்கிலத் தேர்வுகள், என்க்ளெக்ஸ் என்ற அமெரிக்க நர்ஸ் தேர்வு என்று போர்டு மாட்டிய மாடி அறைகளில் நைட் டியூட்டி முடித்துவிட்டு வந்து உட்கார்கிறவர்கள் உண்டு. தேர்வில் பாஸாகிவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. மீதிப் பாதிக்கு அவர்கள் மத்தியில் எண்டார்ஸ்மென்ட் என்று பெயர்.

விஷயம் இதுதான். அமெரிக்கா போக நினைக்கும் செவிலியர் பலர் முதலில் நியூயார்க் மாநிலத்துக்கு விண்ணப்பிக்கிறார்கள். சமூகப் பாதுகாப்பு எண் கையில் இல்லாதவரும் அங்கே விண்ணப்பிக்கலாம் என்பது ஒரு காரணம். தேர்வு எழுதி, லைசென்ஸும் வந்துவிடுகிறது. வேலை தரும் மருத்துவமனையோ டெக்சாஸில் இருக்கிறது. நியூயார்க் லைசென்ஸை வைத்துக்கொண்டு டெக்சாஸில் ஒரு ஊசி போட முடியாது. செங்கல்பட்டு ஆர்டிஓவில் எடுத்த டிரைவிங் லைசென்ஸ் காஷ்மீர்வரை செல்லும் நாட்டிலிருந்து போகிறவருக்கு இது வேடிக்கையாக இருக்கும்.

நர்ஸ் லைசென்ஸ் என்று வரும்போது நம் ஊரிலும் இதே வேடிக்கைதான். கேரளத்திலோ கர்நாடகத்திலோ படித்துப் பதிவு செய்த செவிலியர் பெரும்பாக்கத்திலோ வண்டலூரிலோ வேலைக்குச் சேர்ந்தால், சாந்தோம் நெடுஞ்சாலையில் உள்ள தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தில் மறுபடி பதிய வேண்டும். ஒரே நாடு, ஒரே பாடத்திட்டம், ஆனாலும் புது எண். கடலுக்கு இரு கரையிலும் இந்த முடிச்சு எப்படி விழுந்தது, அதை அவிழ்க்க என்ன செய்தார்கள் என்று பார்த்தால், ஏறத்தாழ 130 ஆண்டுக் கதை ஒன்று கிடைக்கிறது.

பதிவேடு வேண்டுமா, வேண்டாமா?

செவிலியருக்கு அரசாங்கப் பதிவேடு என்ற யோசனைக்கே முதலில் எதிர்ப்பு இருந்தது. எதிர்த்தவர் ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல். ஒரு நல்ல நர்ஸின் குணத்தையும் அக்கறையையும் தேர்வு வைத்து அளக்க முடியாது, பெயரை ஒரு புத்தகத்தில் எழுதிவைப்பதால் நோயாளிக்குப் பாதுகாப்பு வந்துவிடாது என்பது அவர் கட்சி. எதிர்க்கட்சியில் நின்றவர் எத்தெல் கார்டன் ஃபென்விக். லண்டன் செயின்ட் பார்த்தலோமியூ மருத்துவமனையில் 24 வயதிலேயே மேட்ரன் ஆனவர். 1887-ல் பிரிட்டிஷ் செவிலியர் சங்கத்தைத் தொடங்கி, டாக்டர்களுக்கு இருப்பதுபோல் நர்ஸ்களுக்கும் சட்டப்பூர்வமான பதிவேடு வேண்டும் என்று சுமார் முப்பது ஆண்டு போராடினார். படிக்காதவரும் பாதி படித்தவரும் தன்னை நர்ஸ் என்று சொல்லிக்கொண்டு வீடு வீடாகப் போய்ச் சம்பாதிப்பதைத் தடுக்க வேறு வழியில்லை என்பது அவர் வாதம்.

ஃபென்விக் கேட்டது இங்கிலாந்தில் கிடைப்பதற்கு முன்னால் வேறு ஊர்களில் கிடைத்துவிட்டது. 1891-ல் தென்னாப்பிரிக்காவின் கேப் காலனியில், கிம்பர்லி மருத்துவமனையைச் சேர்ந்த சிஸ்டர் ஹென்ரியட்டா ஸ்டாக்டேலின் முயற்சியால், மருத்துவச் சட்டத்துக்குள்ளேயே நர்ஸ் பதிவும் சேர்க்கப்பட்டது. 1901-ல் நியூசிலாந்து செவிலியருக்கென்றே தனிச் சட்டம் போட்டது. 1902 ஜனவரி 10 அன்று எல்லன் டவர்ட்டி என்பவர் அந்தப் பதிவேட்டின் முதல் பெயரானார். இங்கிலாந்தில் முதல் உலகப் போர் முடிந்து, 1919 டிசம்பரில்தான் சட்டம் வந்தது. 1921-ல் பதிவேடு திறந்தபோது முதல் எண் ஃபென்விக்குக்கே.

நியூசிலாந்தும் இங்கிலாந்தும் ஒற்றைப் பதிவேட்டோடு தொடங்கியவை. லண்டனில் பதிந்தவர் லிவர்பூலில் வேலை பார்க்க யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. முடிச்சு விழுந்தது அமெரிக்காவில்.

அமெரிக்கா ஏன் துண்டு துண்டானது?

அமெரிக்க அரசியல் சட்டத்தில், மக்களின் உடல்நலத்தையும் பாதுகாப்பையும் பார்த்துக்கொள்ளும் அதிகாரம் மாநிலங்களிடம் இருக்கிறது. தொழில் லைசென்ஸ் அந்த அதிகாரத்தின் குழந்தை. இதை உறுதி செய்த வழக்கே வெளிமாநிலத்தில் படித்த ஒருவரின் வழக்கு என்பதுதான் சுவாரசியம். ஃபிராங்க் டென்ட் என்ற டாக்டர் ஒஹையோ மாநிலத்துச் சின்சினாட்டியில் உள்ள ஒரு கல்லூரியின் பட்டத்தோடு மேற்கு வர்ஜீனியாவில் மருத்துவம் பார்த்தார். அந்தக் கல்லூரியை நாங்கள் ஏற்கவில்லை என்று மேற்கு வர்ஜீனியா சொல்லிவிட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. யாருக்கு லைசென்ஸ் என்று தீர்மானிப்பது மாநிலத்தின் உரிமை என்று 1889-ல் தீர்ப்பு வந்தது. பின்னால் நர்ஸ் லைசென்ஸ் பிறந்தபோது அதே வழியில்தான் பிறந்தது.

1903 மார்ச் 3 அன்று வட கரோலினா நாட்டின் முதல் நர்ஸ் பதிவுச் சட்டத்தை நிறைவேற்றியது. அதற்காக ஓடியாடியவர் மேரி லூயிஸ் வைச். அந்த ஆண்டு ஜூன் மாதம் ஜோசஃபின் பர்ட்டன் என்பவர் முதல் பதிவு பெற்ற செவிலியரானார். நியூ ஜெர்சியும் நியூயார்க்கும் வர்ஜீனியாவும் அதே ஆண்டில் பின்தொடர்ந்தன. 1923-க்குள் அன்றைக்கு இருந்த எல்லா மாநிலங்களிலும் சட்டம் வந்துவிட்டது.

எல்லாச் சட்டமும் ஒரே மாதிரி இல்லை. பயிற்சிக் காலம் இடத்துக்கு இடம் வேறுபட்டது. தேர்வுக் கேள்விகளை ஒவ்வொரு மாநிலத்தின் நர்சிங் போர்டும் தானே எழுதித் தானே திருத்தியது. ஆரம்பத்தில் இந்தச் சட்டங்கள் பதிவு பெற்ற செவிலியர் என்ற பட்டத்தை மட்டுமே காத்தன. பதியாதவரும் சம்பளத்துக்கு நர்ஸ் வேலை பார்க்கலாம், பட்டத்தைப் போட்டுக்கொள்ளத்தான் கூடாது. பதியாமல் வேலையே பார்க்கக் கூடாது என்ற கட்டாயச் சட்டத்தை முதலில் கொண்டுவந்தது நியூயார்க், 1938-ல்.

இந்த நிலையில் ஒரு நர்ஸ் மாநிலம் மாறினால் என்ன செய்வது? உன் நர்ஸை நான் ஏற்கிறேன், என் நர்ஸை நீ ஏற்றுக்கொள் என்று மாநிலங்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டன. இல்லையென்றால், விண்ணப்பித்தவரின் படிப்பைத் தன் சட்டத்தோடு வைத்துப் பார்த்து, முதல் மாநிலத்தின் சாட்சியை ஏற்றுத் தன் லைசென்ஸைத் தந்தன. எண்டார்ஸ்மென்டின் முதல் வடிவம் இதுதான். உண்மையில் இங்கே எந்த லைசென்ஸும் இடம் மாறுவதில்லை. பழையது பழைய இடத்திலேயே இருக்கும். இரண்டாவது மாநிலம் புதிதாக ஒன்று தரும். நடுவில் பயணம் செய்வது சாட்சிக் காகிதம் மட்டும். அந்தச் சாட்சியை எவ்வளவு நம்பலாம் என்பதில்தான் சிக்கல். கேள்வித்தாளே வேறு வேறாக இருக்கும்போது, அங்கே பாஸானவர் இங்கேயும் பாஸாவார் என்று யார் சொல்ல முடியும்?

மதராஸில் 1926

இந்தியாவில் முறையான நர்ஸ் பயிற்சியின் தொடக்கம் மதராஸ்தான். 1854-ல் இங்கே மகப்பேறு தாதியருக்குப் பயிற்சிப் பள்ளி வந்தது. 1871-ல் சென்னை ஜெனரல் ஹாஸ்பிடல் நர்ஸ் பயிற்சியைத் தொடங்கியது. பொறுப்பெடுக்க இங்கிலாந்திலிருந்து செவிலியரை வரவழைத்தார்கள். ஆக, தமிழ்நாட்டின் முதல் நர்ஸ் ஆசிரியைகளே வெளிநாட்டில் படித்தவர்கள். 1909-ல் வேலூரில் ஐடா ஸ்கடரின் மருத்துவமனையில் டீலியா ஹவ்ட்டன் நர்சிங் பள்ளியைத் தொடங்கினார். அவரும் கடல் கடந்து வந்தவர். மிஷன் மருத்துவமனைகள் பல இருந்ததால் அவற்றுக்கெல்லாம் பொதுவாகத் தேர்வு நடத்தத் தென்னிந்திய போர்டு ஒன்றும் உருவானது. அரசாங்கப் பதிவேடு மட்டும் இல்லை.

1919-ல் வந்த இந்திய அரசுச் சட்டம் மருத்துவத்தையும் பொதுச் சுகாதாரத்தையும் மாகாணங்களின் கையில், அதுவும் இந்திய மந்திரிகள் பொறுப்பில், கொடுத்தது. எனவே நர்ஸ் பதிவுக்கான சட்டத்தையும் மாகாணம்தான் போட முடிந்தது. மதராஸ் செவிலியர் மற்றும் தாதியர் சட்டம் 1926-ல் வந்தது. வங்காளமும் பம்பாயும் அதற்குப் பல ஆண்டு கழித்து, 1930களில்தான் இதைச் செய்தன. முன்னோடி என்ற பெருமை நமக்கு. ஆனால் அமெரிக்காவில் விழுந்த அதே முடிச்சு இங்கேயும் அன்றைக்கே விழுந்துவிட்டது. மாகாணத்துக்கு ஒரு பதிவேடு, மாகாணத்துக்கு ஓர் அளவுகோல்.

தாம்பரம் மருத்துவ வரைபடத்தில் ஏறியது அதற்கு இரண்டு ஆண்டு கழித்து. 1928-ல் டாக்டர் டேவிட் சௌரிமுத்து இங்கே காசநோய் சானடோரியத்தைத் தொடங்கினார். இங்கிலாந்தில் படித்து, சாமர்செட்டின் மெண்டிப் மலையில் ஒரு சானடோரியம் நடத்தியவர் அவர். கணிதமேதை ராமானுஜன் அங்கே அவரிடம் சிகிச்சைக்கு இருந்திருக்கிறார். 1937-ல் அரசு எடுத்துக்கொண்ட அந்த இடம்தான் இன்றைய அரசு நெஞ்சக மருத்துவமனை. தாம்பரத்துக்கு அடுத்த ரயில் நிலையத்தின் பெயரும் அதிலிருந்து வந்ததே.

சௌரிமுத்து போன்ற டாக்டர்களின் நிலை வேறு. பிரிட்டிஷ் மருத்துவப் பதிவு பெற்றவருக்குச் சாம்ராஜ்யம் முழுக்கக் கதவு ஏறக்குறையத் திறந்தே இருந்தது. 1930-ல் லண்டன் மருத்துவ கவுன்சில் இந்தியப் பட்டங்களுக்கு அங்கீகாரத்தை விலக்கிக்கொண்டது. தன்மானம் சுட, 1933-ல் அகில இந்திய மருத்துவ கவுன்சிலுக்குச் சட்டம் வந்துவிட்டது. டாக்டர்களுக்கு அடிபட்டதும் மூன்றே ஆண்டில் நாடு முழுமைக்கும் ஓர் அமைப்பு. அதே நாட்டில் செவிலியர் இன்னும் பதினான்கு ஆண்டு காத்திருந்தார்கள்.

போர் கொண்டுவந்த கேள்வித்தாள்

அமெரிக்காவில் முடிச்சை முதலில் தளர்த்தியது இரண்டாம் உலகப் போர். ராணுவத்துக்கு ஆயிரக்கணக்கில் நர்ஸ் வேண்டும். அவர்கள் போன இடத்தை உள்ளூர் மருத்துவமனைகளில் நிரப்பவும் ஆள் வேண்டும். 1943-ல் கொண்டுவந்த போல்ட்டன் சட்டம் அரசாங்கச் செலவில் கேடட் நர்ஸ் படையை உருவாக்கி, குறுகிய காலப் பயிற்சி கொடுத்தது. படித்து முடித்தவர்களுக்கு உடனே லைசென்ஸ் தந்தாக வேண்டும். மாநில போர்டுகளோ கட்டுரைத் தாள்களைக் கையால் திருத்திக்கொண்டிருந்தன. முடிவு வர மாதக்கணக்காகும்.

அப்போது தேசிய நர்சிங் கல்வி அமைப்பு ஒரு வழி சொன்னது. எல்லா மாநிலங்களும் கேள்விகளை ஓரிடத்துக்கு அனுப்பட்டும், பொதுக் கேள்வித்தாள் ஒன்று தயாராகட்டும், இயந்திரம் திருத்தட்டும். 1944-ல் முதல் பொதுத்தேர்வு நடந்தது. 1950-க்குள் எல்லா மாநிலங்களும் அதில் சேர்ந்துவிட்டன. நாடு முழுக்க ஒரே தேர்வு என்பது அமெரிக்காவில் வேறு எந்தத் தொழிலுக்கும் அதற்கு முன் வாய்க்கவில்லை.

எத்தனை மதிப்பெண் எடுத்தால் பாஸ் என்பதை மட்டும் மாநிலங்கள் விட்டுத்தரவில்லை. பெரும்பாலானவை 350 என்று வைத்தன, சில தங்கள் விருப்பப்படி வைத்தன. ஆனாலும் எண்டார்ஸ்மென்ட் அன்றிலிருந்து வேறு விஷயமாகிவிட்டது. முன்பெல்லாம் அங்கே என்ன கேட்டார்கள் என்றே தெரியாமல் சாட்சியை ஏற்க வேண்டியிருந்தது. இப்போது கேள்வித்தாள் தன்னுடையதேதான், மதிப்பெண்ணை மட்டும் பார்த்தால் போதும். நாற்பது ஆண்டுப் பேச்சுவார்த்தை கொண்டுவராத இணக்கத்தைப் போர்க்காலப் பற்றாக்குறை ஆறே ஆண்டில் கொண்டுவந்தது.

43,000 பேருக்கு ஒரு நர்ஸ்

இந்தியாவிலும் கதவைத் தள்ளியது பற்றாக்குறைதான். போர் (Bhore) என்பவர் தலைமையில் அமைந்த சுகாதாரக் கமிட்டியின் 1946-ஆம் ஆண்டு அறிக்கை நாட்டின் கணக்கைப் போட்டுக் காட்டியது. பதிவு பெற்ற நர்ஸ்கள் சுமார் 7,000 பேர். மக்கள்தொகையோடு வகுத்தால் 43,000 பேருக்கு ஒருவர். இருக்கிற கொஞ்சப் பேரும் மாகாணத்துக்கு ஒரு தரத்தில் பயிற்சி பெற்றவர்கள்.

விடுதலை கிடைத்த ஆண்டின் கடைசி நாளில், 1947 டிசம்பர் 31 அன்று, இந்திய நர்சிங் கவுன்சில் சட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்தது. பயிற்சியில் ஒரே சீரான தரம் கொண்டுவருவதே நோக்கம் என்று அதன் முகப்பே சொல்கிறது. மாநிலம் தாண்டும் செவிலியருக்கு உயிர்நாடி அதன் 11-வது பிரிவு. கவுன்சில் அங்கீகரித்த தகுதி ஒருவரிடம் இருந்தால், எந்த மாநிலப் பதிவேட்டிலும் பதிய அது போதும். அமெரிக்கா தேர்வைப் பொதுவாக்கியது, இந்தியா தகுதியைப் பொதுவாக்கியது. பதிவேட்டை இரண்டு நாடுகளுமே மாநிலங்களிடம் விட்டுவைத்தன.

வெளிநாட்டில் படித்தவருக்கும் அதே பிரிவு வழி சொன்னது. அங்கீகாரப் பட்டியலில் இல்லாத தகுதியோடு வரும் இந்தியக் குடிமக்கள், கவுன்சிலின் ஒப்புதல் பெற்று மாநிலப் பதிவேட்டில் சேரலாம். வெளிநாட்டவர் என்றால், கற்பிக்கவோ ஆராய்ச்சி செய்யவோ தர்ம சேவை செய்யவோ ஒரு மருத்துவமனையில் இருப்பவருக்குத் தற்காலிகப் பதிவு உண்டு. அந்த மருத்துவமனைக்கு வெளியே வேலை பார்க்க முடியாது. இதை எழுதியவர்கள் மனக்கண்ணில் யார் இருந்திருப்பார்கள் என்று யூகிப்பது கடினமில்லை. வேலூர் போன்ற மிஷன் மருத்துவமனைகளில் அன்று நர்சிங்கைக் கற்றுத் தந்துகொண்டிருந்த வெளிநாட்டுச் சகோதரிகள்தான். 1946-ல் வேலூரில் பட்டப்படிப்பாகவே நர்சிங் தொடங்கியிருந்தது.

அப்புறம் மாநிலங்களே உடைந்து மாறின. 1953-ல் ஆந்திரம் பிரிந்தது, 1956-ல் மொழிவாரி எல்லைகள் வந்தன, மலபார் கேரளத்தோடு சேர்ந்தது. மதராஸில் போட்ட 1926-ஆம் ஆண்டுச் சட்டத்தையே ஆந்திரமும் தன்னோடு எடுத்துக்கொண்டு போனது. ஒரே சட்டத்தின் இரண்டு பிள்ளைகள், நடுவில் எல்லைக்கோடு. நெல்லூருக்கும் திருவள்ளூருக்கும் இடையே வேலை மாறினால் பதிவும் மாற வேண்டியதாயிற்று.

வெளிநாட்டு நர்ஸும் புதுத் தேர்வும்

போருக்குப் பிறகு அமெரிக்காவுக்கு வெளிநாட்டு நர்ஸ்கள் வரத் தொடங்கினார்கள். 1948-ல் தொடங்கிய பரிமாற்றப் பயணத் திட்டம் முதல் வாசல். நாட்டுவாரி ஒதுக்கீட்டை 1965-ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டம் ஒழித்த பிறகு பிலிப்பைன்ஸிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் கூட்டம் பெருகியது. சில மாநிலங்கள் தொடக்கத்தில் அவர்களின் சான்றிதழ்களைப் பார்த்தே லைசென்ஸ் கொடுத்தன. பிறகு ஒவ்வொன்றாகப் பொதுத்தேர்வைக் கேட்கத் தொடங்கின. அங்கேதான் இடி விழுந்தது. 1970களின் நடுவில் பொதுத்தேர்வு எழுதிய வெளிநாட்டு நர்ஸ்களில் பாஸானவர்கள் ஐந்தில் ஒருவர் அளவுக்குத்தான். தங்கள் ஊரில் வார்டு நடத்தியவர்கள் அமெரிக்காவில் நர்ஸ் உதவியாளராகக் குறைந்த கூலிக்கு நின்றார்கள். விசாவும் ஆட்டம் கண்டது.

அதற்கு மருந்தாக 1977-ல் வெளிநாட்டு நர்சிங் பட்டதாரிகளுக்கான ஆணையம் ஒன்று பிலடெல்பியாவில் உருவானது. செவிலியர் உலகில் அது சிஜிஎஃப்என்எஸ் என்ற சுருக்கப் பெயரால் அறியப்பட்டது. விமானம் ஏறும் முன்பே, சொந்த நாட்டுப் பக்கத்திலேயே ஒரு முன்தேர்வு வைத்து, தேறுவாரா மாட்டாரா என்று சொல்லிவிடுவது அதன் வேலை. முதல் தேர்வு 1978-ல் நடந்தது. சான்றிதழ்களைச் சரிபார்த்து, அமெரிக்கப் படிப்போடு ஒப்பிட்டு அறிக்கை தருவதும் பின்னால் அதன் முக்கிய வேலையானது. 1996-ல் வந்த குடியேற்றச் சட்டம் இந்தச் சரிபார்ப்பை விசாவுக்கே நிபந்தனையாக்கியது.

அதே 1978-ல் மாநில போர்டுகள் எல்லாம் சேர்ந்து தங்களுக்கென ஒரு தேசியக் கூட்டமைப்பை அமைத்துக்கொண்டன. 1982 ஜூலையில் அவர்களின் புதிய தேர்வு வந்தது. அதுதான் என்க்ளெக்ஸ். அதற்குப் பிறகு பாஸ் மதிப்பெண்ணிலும் மாநிலத்துக்கு மாநிலம் வித்தியாசம் இல்லை. 1994-ல் காகிதத்தை விட்டு முழுக்கக் கணினிக்கு மாறியது. பதில் சரியாகச் சொன்னால் அடுத்த கேள்வி கடினமாகும், தவறினால் எளிதாகும், தீர்மானிக்கப் போதிய சான்று கிடைத்ததும் திரை அணையும். 2005 ஜனவரியில் அமெரிக்க மண்ணுக்கு வெளியே, லண்டன், ஹாங்காங், சியோலில் முதன்முதலாக நடந்தது. பின்னர் இந்திய நகரங்களுக்கும் வந்தது. கோச்சிங் போர்டுகள் தாம்பரத்து ஜிஎஸ்டி சாலைக்கு வந்தது இந்த வழியாகத்தான்.

காகிதத்தின் பயணம்

இன்றைக்குத் தாம்பரத்துச் செவிலியர் ஒருவரின் காகிதங்கள் எப்படிப் போகின்றன என்று பார்ப்போம். கல்லூரியும் கிண்டியில் உள்ள டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகமும் மதிப்பெண்ணையும் பாட விவரங்களையும் தருகின்றன. சாந்தோமில் உள்ள தமிழ்நாடு குழுமம் அவரது பதிவை உறுதி செய்கிறது. இவை பிலடெல்பியா போய்ச் சரிபார்க்கப்பட்டு, நியூயார்க்கின் தலைநகரான ஆல்பனிக்கு அறிக்கையாகப் போகின்றன. அங்கே நர்ஸ் லைசென்ஸ் தருவது மாநிலக் கல்வித் துறை. என்க்ளெக்ஸ் பாஸானதும் லைசென்ஸ்.

அடுத்து டெக்சாஸ். அவர் மறுபடி என்க்ளெக்ஸ் எழுத வேண்டியதில்லை. 1944-ன் கொடை அது. நியூயார்க் தன் லைசென்ஸுக்குச் சாட்சி சொல்கிறது. ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் நர்சிங் போர்டு கைரேகை எடுத்துக் குற்றப் பின்னணி பார்க்கிறது, தன் மாநிலச் சட்டம் பற்றி ஒரு தனித் தேர்வு வைக்கிறது. வெளிநாட்டில் படித்தவர் என்பதால் ஆங்கிலத் தகுதிக்கான சான்றையும் படிப்பின் மதிப்பீட்டு அறிக்கையையும் கேட்கிறது. கலிபோர்னியா என்றால் இன்னும் நுணுக்கம். வகுப்பில் ஒரு பாடம் நடந்த அதே காலத்தில் அதற்கான வார்டுப் பயிற்சியும் நடந்ததா என்று பார்க்கும். குழந்தை மருத்துவத்தை இரண்டாம் ஆண்டில் படித்துவிட்டு வார்டுக்கு மூன்றாம் ஆண்டில் போயிருந்தால் அங்கே இடறும்.

கவனித்தால் ஒன்று தெரியும். டெக்சாஸில் படித்தவரும் தாம்பரத்தில் படித்தவரும் எழுதியது ஒரே தேர்வு. தேர்வு அளவில் இருவரும் சமம். ஆனால் எல்லை தாண்டும்போது தாம்பரத்துக்காரரின் கல்லூரிக் காகிதம் மட்டும் மறுபடி எடுக்கப்படுகிறது. பொதுத்தேர்வு அறிவைப் பற்றிய சந்தேகத்தைத் தீர்த்தது, பயிற்சியைப் பற்றிய சந்தேகத்தைத் தீர்க்கவில்லை.

அமெரிக்க மாநிலங்கள் 2000-ல் இன்னொரு அடி எடுத்துவைத்தன. நர்ஸ் லைசென்ஸ் உடன்படிக்கை என்ற ஏற்பாடு அந்த ஆண்டு நடைமுறைக்கு வந்தது. சேர்ந்த மாநிலம் ஒன்றில் குடியிருந்து பன்மாநில லைசென்ஸ் பெற்றவர், சேர்ந்த மற்ற மாநிலங்களிலும் அதை வைத்தே வேலை பார்க்கலாம். 2018-ல் நிபந்தனைகளைக் கெட்டிப்படுத்திப் புதுப்பித்தார்கள். இன்று நாற்பதுக்கு மேற்பட்ட மாநிலங்களும் பகுதிகளும் அதில் இருக்கின்றன. டெக்சாஸ் உண்டு. நியூயார்க்கும் கலிபோர்னியாவும் இல்லை. சமூகப் பாதுகாப்பு எண் அதற்குக் கட்டாயம் என்பதால் கடல் தாண்டாமல் இந்த வசதியைப் பெற வழியில்லை. டெக்சாஸில் குடியேறிய பிறகு கிடைத்தால், அதன் பின் உடன்படிக்கை மாநிலங்களுக்குள் வேலைக்குப் போய்வர எண்டார்ஸ்மென்ட் தொல்லை இல்லை. 2020-ல் கொரோனா வந்தபோது, உடன்படிக்கையில் இல்லாத நியூயார்க்கே அவசர உத்தரவு போட்டு வெளிமாநில நர்ஸ்களை உள்ளே விட்டது. மறுபடியும் பற்றாக்குறைதான் கதவைத் தள்ளியது.

நம் பக்கம்

இந்தியாவில் கேரள நர்ஸ் தமிழ்நாட்டில் பதிய இன்றும் முதலில் பதிந்த கேரளக் கவுன்சிலின் சாட்சி தேவை. முன்பு அது தபாலில் அலைந்தது. இந்திய நர்சிங் கவுன்சில் கொண்டுவந்த பதிவு மற்றும் கண்காணிப்பு முறையில், ஆதாரோடு இணைந்த ஒரு தனி அடையாள எண் செவிலியருக்குக் கிடைக்கிறது. எந்த மாநிலத்தில் பதிந்தவர் என்பது இணையத்திலேயே தெரிகிறது. 2023 ஆகஸ்டில் தேசிய நர்சிங் மற்றும் மகப்பேறு செவிலியர் ஆணையச் சட்டம் வந்தது. 1947-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக எழுதப்பட்ட அது தேசியப் பதிவேட்டையும் சேர்க்கைக்குப் பொதுவான முறையையும் பேசுகிறது. அமெரிக்கா கடைசிப் படியில் வைத்த பொது அளவுகோலை நாம் முதல் படியில் வைக்கிறோம். படித்து முடித்தவர்களை நாடு முழுக்க ஒரே தராசில் நிறுத்தும் தேர்வு இல்லாதவரை, ஒரு கவுன்சில் இன்னொரு கவுன்சிலிடம் கேட்டுக்கொண்டுதான் இருக்கும்.

இந்தக் கதை முழுக்க ஒரு ஒழுங்கு தெரிகிறது. ஆள் பற்றாக்குறை கதவைத் திறக்கிறது, பொதுவான அளவுகோல் ஒன்று இருந்தால்தான் அது திறந்தே நிற்கிறது. 1944-ன் தேர்வு போர் முடிந்தும் நிலைத்தது. 2020-ன் அவசர உத்தரவோ அவசரம் தீர்ந்ததும் காலாவதியானது. தனி ஒரு செவிலியரால் சட்டங்களை மாற்ற முடியாது. தன் காகிதத்தை வலுவாக்கிக்கொள்ள முடியும். செங்கல்பட்டு மாவட்டத்தில் இப்போது படித்துக்கொண்டிருப்பவர், எந்தப் பாடத்துக்கு எத்தனை மணி நேரம் வகுப்பு, எந்த வார்டில் எத்தனை மணி நேரம் பயிற்சி, இரண்டும் எந்த மாதத்தில் நடந்தன என்ற விவரத்தைக் கல்லூரியின் கையெழுத்தோடு வாங்கி வைத்துக்கொண்டால், இரண்டாவது மாநிலம் மட்டுமல்ல, மூன்றாவது மாநிலம் கேட்கும்போதும் ஊருக்குப் போன் போட்டு யாரையும் அலையவிட வேண்டியிருக்காது.